குறுக்கே வராத நாய்

மூன்று மாத காலம் எங்கள் குடும்பமே ஒரு நாயைத் திட்டிக்கொண்டிருந்தது. அந்த நாயை யாரும் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டியவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி நான், இன்னொருத்தர் என் மதினி. நாங்களும் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு நாய் வரவே இல்லை.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணவர் காலமான பிறகு தென்காசியில் எங்களுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் குற்றாலத்தில் ஒரே லாட்ஜில் வேலை. அவர் உள்ளே இட்லி ஊற்றுவார், நான் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து அறைச் சாவி கொடுப்பேன். சாரல் காலத்தில் அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு பசி வரும். வீட்டில் ரெண்டு இட்லி சாப்பிடுகிற மனுஷன் அங்கே எட்டு கேட்பான். ஆறு மணிக்கு இட்லி வெந்திருக்காவிட்டால் என் மேஜைக்கு வந்து என்னைக் கேள்வி கேட்பார்கள், ஏதோ நான் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மதினியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன்.

அந்த ஸ்கூட்டரை வாங்கியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் வீட்டில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வயலுக்கு நடந்தே போனவர்கள். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை போல. "இந்த வயசுல ஒனக்கு என்னத்துக்கு வண்டி? விழுந்து வச்சா யாரு பாக்கது?" என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. கேட்கிற ஜென்மம் இல்லை நான். நாள் முழுக்க அடுத்தவர்கள் அறைச் சாவியைக் கொடுத்து வாங்குகிறவளுக்குத் தனக்கென்று ஒரு சாவி கிடைத்தால் எப்படி இருக்கும்? முதல் மாதம் தூங்கும்போதுகூட அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மதினி மட்டும்தான் சிரிக்கவில்லை. நான் ஓட்டக் கற்று முடித்த மறுநாளே வேறு பேச்சு இல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஐந்து வருஷம் அப்படிப் போய் வந்தோம். கீழே விழுந்தது போன சாரல் காலத்தின் தொடக்கத்தில்.

மேலகரம் பக்கம் ஒரு திருப்பம். லேசான தூறல். வேகம் ஒன்றும் இல்லை, நடக்கிறவர்கள் எங்களை முந்திப் போயிருக்கலாம். திருப்பத்தில் ஹேண்டிலைத் திருப்பினேன். திரும்பவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். வெடுக்கென்று தேவைக்கு மேல் திரும்பியது. அதை நேராக்கப் போனேன், அந்தப் பக்கம் ஓடியது. அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். மதினி மடியில் வைத்திருந்த தேங்காய்த் துருவல் தூக்குவாளி திறந்து, ஈர ரோடு முழுக்க வெள்ளையாகச் சிதறியது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. மதினி இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எதிரே டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். யாரும் இன்னும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அதற்குள் மதினி சொன்னார்: "நாய் குறுக்க வந்துட்டு."

நான் மதினியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அந்தச் செவலை நாயாத்தான் இருக்கும்," என்றார் டீக்கடைக்காரர். "சவத்து மூதி, ரோட்டுல போற ஒருத்தரையும் விடமாட்டுக்கு."

அவ்வளவுதான். இல்லாத நாய்க்கு நிறம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டார்கள். அங்கே வந்த வீட்டுக்காரரிடமும் நாய் கதைதான். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாயைத்தான் சொன்னார். லாட்ஜில், தெருவில், விசாரிக்க வந்த சொந்தக்காரர்களிடம், எல்லா இடத்திலும் அந்தச் செவலைக்குத்தான் வசவு. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன். என் கை தவறித்தான் விழுந்தோம் என்று தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். "அப்பவே சொன்னேம்லா" என்று ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் அடுத்த பொங்கல் வரைக்கும் ஓடும். அது மதினிக்கும் தெரியும். கை ஒடிந்து ரோட்டில் கிடக்கும்போதுகூட அந்த மனுஷி என் சாவியைக் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்காக யாரும் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

ஆனால் அந்தச் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முட்டி ஆறியதும் தனியாக எடுத்து ஓட்டிப் பார்த்தேன். வண்டி நேராகவே போகவில்லை. நூல் பிடித்த மாதிரி ஓட்டிய நான், நாலு கிளாஸ் அடித்தவன் மாதிரி இப்படியும் அப்படியும் போனேன். பயத்தில் பிடி இறுகியது, இறுக இறுக இன்னும் மோசம். கை போய்விட்டது, வயசாகிவிட்டது, வீட்டுக்காரர் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு பஸ் ஏறினேன். கேட்டவர்களிடம் முட்டி வலி என்று சொன்னேன்.

மதினிக்குக் கட்டுப் பிரித்தார்கள். வேலைக்குத் திரும்பப் போகிறார் என்றதும் ஒரு நப்பாசையில் கேட்டேன்: "மதினி, காலைல வந்து கூட்டிக்கிடட்டா?"

"வேண்டாம்ட்டி. நீ வண்டில போ. நான் பஸ்ஸுல வந்துக்கிடுதேன்."

சொல்லும்போது அவர் கண் தரையில் இருந்தது. ஊரை நம்ப வைத்தவர் தன்னை நம்ப வைக்கவில்லை. என் கையை நம்பி இனி ஏற மாட்டார், அதை என் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார். நியாயம்தானே? அன்று ராத்திரி சோறு போடும்போதே, வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் மகளுக்கு ஸ்கூட்டர் தேடிக்கொண்டிருந்தார். "முன்னால ஃபோர்க்குல எண்ணெய் ஒழுகி நிக்கி. அதச் சரி பண்ணிட்டுக் குடு. நாளைக்கு நம்மளச் சொல்லக் கூடாதுல்லா," என்றார் வீட்டுக்காரர்.

அதனால்தான் செங்கோட்டை ரோட்டில் உள்ள அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்குக் குமர வயசும் இல்லை கிழட்டு வயசும் இல்லை, முப்பத்தைந்து இருக்கலாம். கொஞ்ச காலம் கேரளத்துப் புனலூரில் வேலை பார்த்ததால் பேச்சுக்கு நடுவில் 'பின்னே' என்று ஒன்று வந்து விழும். அன்றைக்கு வேறு ஆள் இல்லை, அவர் மட்டும்தான்.

"ஃபோர்க் ஆயில் சீல் மாத்தணும் தம்பி. விக்கப் போறேன்."

அவர் ஃபோர்க்கைப் பார்க்கவில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை அமுக்கி, முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினார். ஹேண்டிலை ஒரு தரம் இடமும் வலமும் ஆட்டினார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"யக்கா, இங்கன வாங்க. கண்ண மூடிக்கிட்டு ரெண்டு விரலால மட்டும் மெதுவாத் திருப்புங்க."

எனக்கு எரிச்சல். சீல் மாற்ற வந்தவளைக் கண்ணைக் கட்டி விளையாடச் சொல்கிறாரே! ஆனாலும் மூடினேன். திருப்பினேன். நட்டநடுவுக்கு வந்ததும் ஹேண்டில் எதிலோ போய் உட்கார்ந்துகொண்டது. கதவுக் கொண்டி விழுந்த மாதிரி ஒரு சின்ன 'டக்'. மறுபடி தள்ளினால் முதலில் வர மறுத்து, பிறகு வெடுக்கென்று தாண்டியது. அந்த 'வெடுக்'கை எனக்குத் தெரியும். மேலகரம் திருப்பத்தில் என் உள்ளங்கைக்கு வந்தது அதேதான்.

"என்ன தெரியுது?"

"நடுவுல ஒரு குழி இருக்க மாதிரி இருக்கு தம்பி."

"குழியேதான். ஹேண்டில் கழுத்துல இருக்க கோன் செட்டு போயிட்டு. இத வச்சிக்கிட்டு எங்கயும் விழாமலா இருக்கிய?"

நாய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூன்று மாதப் பழக்கம். விழுங்கிவிட்டு, முதல் தடவையாக ஒரு ஆளிடம் உள்ளதைச் சொன்னேன். திருப்பினேன், திரும்பவில்லை, தள்ளினேன், ஓடிவிட்டது, மதினிக்குக் கை ஒடிந்துவிட்டது, என் கை சரியில்லை.

அவர் வேலையைத் தொடங்கினார். முன் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைத் தூக்கி ஒயர்களோடு ஓரமாகத் தொங்கவிட்டார். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்தார். "பேரிங் குண்டு கொட்டும்," என்றார். மேல் நட்டைத் திருகி எடுத்துவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கை அப்படியே கீழே இறக்கினார். குண்டுகள் கொட்டத்தான் செய்தன. ஆனால் உருளவில்லை. துருப் பிடித்து, நல்லமிளகு மாதிரி சுருங்கிப் போய், விழுந்த இடத்திலேயே கிடந்தன. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் மோர்க்குழம்பு நிறத்தில் என்னவோ இருந்தது. அதில் ஒரு விரலைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"யக்கா, நல்லெண்ணெ வாசம் வருதே?"

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தண்ணியும் நெறையப் போயிருக்கு. வண்டிய எப்படிக் கழுவுதீய?"

"குளிப்பாட்டுவேன்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் லாட்ஜுக்குப் பின்னால் ஓடையிலிருந்து ஒரு குழாய் வரும். சாரல் காலத்தில் அதை அடைக்கவே முடியாது, சின்ன அருவி மாதிரி பீறிட்டு விழும். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரின் தலையைச் சரியாக அதற்குக் கீழே நிறுத்திவிடுவேன். கால் மணி நேரம் நிற்கும். ஊர் உலகமெல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து தலையைக் கொடுத்து நிற்கிற தண்ணீர், என் வண்டிக்கு மட்டும் கிடைக்கக் கூடாதா? எண்ணெய் விஷயம் வேறு. லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் உண்டு. "மூட்டுக்கு எண்ணெ விட்டா எதுவுமே நூறு வருசம் ஓடும்க்கா," என்று ஒரு நாள் வேடிக்கையாகச் சொல்லி, மிச்ச எண்ணெயைக் கிண்ணத்தோடு கொடுத்தார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிப்பாட்டி முடித்ததும் ஹேண்டில் கழுத்தில் ஒரு கரண்டி விட்டு, இடமும் வலமும் ஆட்டி உள்ளே இறக்குவேன். ஐந்து வருஷமும் தவறாமல்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"யக்கா, குத்தாலத்துல குளிச்சா மனுசனுக்குக் கோட்டி தெளியும்பாக. வண்டி குளிச்சா அதுக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

நானும் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து நானே சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஹேண்டில் கழுத்துக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரும்புக் கிண்ணம் பதித்திருக்கும். அதற்குள்தான் குண்டுகள் ஓட வேண்டும். உள்ளிருந்து ஒரு கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி அந்தக் கிண்ணங்களை வெளியே எடுத்தார். கீழ்க் கிண்ணத்தைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நகத்த வச்சித் தடவிப் பாருங்க."

தடவினேன். வளையம் நெடுகப் புள்ளி புள்ளியாகப் பள்ளம். பணியாரக் கல்லைப் பொடிசாக்கின மாதிரி வரிசையாக.

"வண்டி ரொம்ப நேரம் நேராத்தான் போகும். அப்ப குண்டு நிக்கது ஒரே எடத்துல. கிரீஸும் இல்ல, தண்ணியும் துருவும். ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் இந்த எடத்துல ஒரு சம்மட்டி அடி. குழி விழுந்திரும். பெறகு குண்டு அந்தக் குழிய விட்டு வராது. நீங்க திருப்பும்போது வரமாட்டேன்னு நிக்கும். தள்ளுனா தாவும். பின்னே, ஒங்க கை என்ன செய்யும்?"

"என் கை இல்லையா தம்பி?"

"இத இவ்வளவு நாள் விழாம ஓட்டுனியளே, நல்ல கைலா ஒங்களுக்கு!"

அங்கேயே அழுதுவிட்டேன். கொட்டகை வாசலில், பகல் பதினொரு மணிக்கு, லாரிகள் புளியறைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார். துடைத்தேன். அது கிரீஸ் துணி. பிறகு ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தபோது கன்னத்தில் கறுப்பாக இரண்டு கோடு இழுத்திருந்தது. அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

மற்ற வேலைக்கு நானும் கூட நின்றேன். ஃபோர்க்கின் இரண்டு காலையும் தனித்தனியாகக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றிலிருந்து சேறு மாதிரி கொஞ்சம் வந்தது. இன்னொன்றில் வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் ஏற்கெனவே ஒழுகிப் போயிருந்தது. கிழிந்த ஆயில் சீலை நெம்பி எடுத்து, குழாயை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது சீலைச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். இரண்டு காலிலும் ஒரே அளவு புது எண்ணெய் ஊற்றினார். அந்த எண்ணெயை ஊற்றும்போது மட்டும் என்னை ஒரு ஓரப் பார்வை பார்த்தார். "இதான் இதுக்குள்ள ஊத்துத எண்ணெ. தேய்ச்சுக் குளிக்கது இல்ல," என்றார்.

புதுக் கிண்ணங்கள் ஏறின. அதில் தாராளமாகக் கிரீஸ் தடவி, புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அவருடைய விரல் தடிமனுக்கு ஒரு குண்டு ஒட்டிக்கொண்டு மறுபடி கையோடு வந்தது. "தாங்க இங்க," என்று வாங்கி நானே பதித்தேன். அதிரசத்துக்கு எள் ஒட்டினவளுக்கு இதென்ன பெரிய வேலை? ஒன்றுகூடக் கீழே விழவில்லை. பிறகு நான் கீழே உட்கார்ந்து ஃபோர்க்கை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடிக்க, அவர் மேலே நட்டைப் பூட்டினார். முழுக்க இறுக்கினார். பிறகு கொஞ்சம் பின்னால் திருப்பினார். ஃபோர்க்கைத் திருப்பிப் பார்த்தார், நட்டை இன்னும் ஒரு நூலளவு தளர்த்தினார். ஃபோர்க்கின் காலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். இப்படி நாலு தடவை. நான் பிடித்த பிடியில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் என் கை நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

எல்லாம் பூட்டியதும் மறுபடி முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினார். "இப்பம் தொட வேண்டாம். சும்மா ஒரு ஊது ஊதுங்க," என்றார். ஊதியெல்லாம் திரும்பாது, அது அவருடைய குசும்பு. ஒற்றை விரலால் தொட்டேன். ஹேண்டில் தன் பாட்டுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் தொட்டேன், அந்தப் பக்கம் சாய்ந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் கை வைத்த மாதிரி இருந்தது.

ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போய் வந்தேன். நூல் பிடித்த மாதிரி போனது. திரும்பி வந்து இறங்கும்போதே, "விக்கல தம்பி," என்றேன். "தெரியும்," என்றார். பழைய கிண்ணத்தைக் கேட்டேன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "போங்கக்கா, ஈரத்துணியால தொடச்சாப் போதும் வண்டிய," என்று அனுப்பி வைத்தார்.

அவர் பேசாமல் சீலை மட்டும் மாற்றியிருக்கலாம். நான் கேட்டது அதுதான். அல்லது கோன் செட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, மாற்றியாச்சு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். கண்ணை மூடச் சொல்லி, என் விரலுக்கே அந்தக் குழியைக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதற்காக இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசாமல் வருவதில்லை. தீபாவளிக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எள் ஒட்டினது.

அன்றைக்குச் சாயந்திரமே பேப்பர் பொட்டலத்தோடு மதினி வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இடது கை இன்னும் பழையபடி வேகமாக ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.

"மதினி, இதத் தடவிப் பாருங்க. என் கை இல்ல மதினி. வண்டி கழுத்துல குழி. நீங்க எனக்காக நாய்ன்னு சொன்னியள்ளா, சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா என் கைத் தப்பு இல்ல. குளிப்பாட்டுனதுதான் தப்பு." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மதினி கிண்ணத்தை வாங்கி, அந்த மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, நகத்தால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். கீரை அப்படியே கிடந்தது.

"அப்பம் இதுனாலயாட்டி விழுந்தோம்?"

"ஆமா மதினி."

"நாந்தான் ஒன்னையத் தள்ளிட்டேன்னுலா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கித் தூங்கிட்டேன்ட்டி. முந்தின நாள் ராத்திரி சரியா ஒறக்கம் இல்ல. வண்டில ஏறினதும் கண்ணு சொக்கிட்டு. முழிச்சிப் பாத்தா ரோட்டுல கெடக்கேன். தூங்கி ஒரு பக்கமாச் சாய்ஞ்சி ஒன்னையக் கவுத்துட்டேன்னு நெனச்சேன். என் தம்பி கேட்டா என்ன சொல்ல? ஆளுக வந்துட்டாக. அதான் வாயில வந்தத நாய்ன்னு சொல்லிட்டேன்."

"எனக்காகச் சொல்லலியா?"

"ஒனக்கு என்னத்துக்குட்டி நான் பொய் சொல்லணும்? நீ நல்லாத்தான ஓட்டுவ?"

மூன்று மாதம் நான் தலைமேல் தூக்கி வைத்துக் கும்பிட்ட பொய், எனக்காகச் சொன்னதே இல்லை. நன்றி கெட்டுப் போக வேண்டிய இடம் அது. ஆனால் கெடவில்லை, இரண்டு மடங்காகியது. பொய் சொல்லி என்னைக் காப்பாற்றுவது ஒன்று. என் கை தவறியிருக்கும் என்ற நினைப்பே வராமல் இருப்பது அதைவிடப் பெரியதில்லையா? வீட்டுக்காரர் நம்பவில்லை. கடைசியில் நானே நம்பவில்லை. இந்த மனுஷிக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை.

"அப்பம் ஏன் மதினி வண்டில வரமாட்டேன்னு சொன்னிய?"

"மறுபடியும் தூங்கிட்டேம்னா? இந்தத் தடவ ஒனக்கு என்னமும் ஆயிட்டுன்னா?" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"கூறுகெட்டவளே," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, "ஆளுக்கொரு நாய வளத்துருக்கோம் மதினி," என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நானும்தான். அடுத்த வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கீரை அன்றைக்குச் சமையலுக்கு ஆகவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு மதினி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். தூக்குவாளியோடு தயாராக நின்றார். ஏறும் முன், "பேச்சுக் குடுத்துக்கிட்டே வாட்டி, தூங்கிருவேன்," என்று எச்சரித்தார். பேசிக்கொண்டே போனேன். முதலில் 'ம்' போட்டார். பிறகு 'ம்' குறைந்தது. மேலகரம் நெருங்கும்போது என் முதுகில் ஏதோ இதமாக வந்து சாய்ந்தது. மதினியின் நெற்றி. மூச்சு சீராக வந்தது. எழுப்ப வாயெடுத்தேன், எழுப்பவில்லை. தூக்குவாளி நழுவாமல் இருக்க முழங்கையை மட்டும் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொண்டேன்.

திருப்பத்தில், டீக்கடைக்கு எதிரே, ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு, டீக்கடைக்காரர் சொன்ன அந்தச் செவலை நாய் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து ஒரு காதை மட்டும் தூக்கியது, எழுந்திருக்கவில்லை. நான் ஹேண்டிலை விரலால் திருப்பினேன். வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போனது. மதினி விழிக்கவே இல்லை.